நொய்யரிசி அளவு போதும்

ஓம் சரவணபவ!

இந்த வாரம் நாம சிந்திக்கப் போறது ரொம்பச் சின்ன விஷயம். எவ்வளவு சின்னதுன்னா, ஒரு நொய்யரிசி அளவு.

நொய்ன்னா என்னன்னு இப்ப பல பேருக்குத் தெரியாம இருக்கலாம். நெல்லைக் குத்தும்போது கொஞ்சம் அரிசி பொடிப்பொடியா உடைஞ்சு போகும். அதைப் புடைச்சுத் தனியா எடுத்துக் கஞ்சி காய்ச்சுவாங்க. அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் ஒரு பாட்டில் இந்த நொய்யைத்தான் அளவா எடுத்துக்கிறார். வேலவனை வாழ்த்துங்க, இல்லாதவங்களோட எப்பவும் பகிர்ந்துக்குங்க, அந்த நொய்யையும் உடைச்சா வர்ற துணுக்கு அளவாவது கொடுங்க என்பது அந்தப் பாட்டோட கருத்து.

இதில் ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, வாழ்த்துறதையும் பகிர்றதையும் அவர் ஒரே மூச்சில் சொல்றார். முதல்ல பூஜை, அப்புறம் வசதிப்பட்டா உதவின்னு பிரிக்கல. இன்னொண்ணு, அளவை எதுக்கு இவ்வளவு குறைச்சார்? "என்கிட்ட இல்லையே"ன்னு சொல்லி யாரும் தப்பிக்க முடியாதபடிதான்.

அவர் பேசுறது ஏழைகளுக்கு உணவு பகிர்றதைப் பத்தி. அதை அப்படியே செய்யணும். அதோட, அந்த அளவை நேரத்துக்கும் வச்சுப் பார்க்கலாம். ஏன்னா இன்னைக்கு நம்மில் பலருக்கு அரிசிக்குப் பஞ்சம் இல்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம்.

காலை எட்டேகால் மணி

ஒரு கிருத்திகை நாள்னு வச்சுக்குவோம். நீங்க விரதம். கோயிலுக்குப் போயிட்டு அப்படியே ஆபீஸ் போகணும். கீழே இறங்கினா உங்க வண்டியை மறிச்சு எதிர்வீட்டு வண்டி நிக்குது. அதைத் தள்ளி வைக்கும்போது பக்கத்து வீட்டுப் பாட்டி கூப்பிடுறாங்க: "தம்பி, இந்த சிலிண்டரைக் கொஞ்சம் உள்ளே நகர்த்திக் குடுத்துட்டுப் போறியாப்பா?" உடனே மனசு என்ன சொல்லும்? "முருகா, இன்னைக்குத்தானா!"

பெரிய ஆபத்து வந்தா நாம நல்லபடியாத்தான் நடந்துக்கிறோம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தப்போ பல இடங்களில் கரண்ட் இல்லை, போன் வேலை செய்யல. மாடியில் இருந்தவங்க கீழ்வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுத் தங்க வச்சாங்க. வெள்ளத்துல கதவைத் திறந்துட்டோம். சாதாரண நாள்ல, அவசரத்துல நிற்கும்போது திறக்கிறதுதான் கஷ்டமா இருக்கு.

தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடந்து போறவங்களை நினைச்சுப் பாருங்க. வழியெல்லாம் மோரும் தண்ணியும் கொடுத்து, "குடிங்க சாமி"ன்னு உபசரிக்கிறோம். அவங்க யாருன்னே தெரியாது. பச்சை வேட்டியும் மாலையும் பார்த்ததும் சாமின்னு கூப்பிடத் தோணுது. மாலை போடாத பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட அந்தச் சாமி தெரியலைன்னா எப்படி? ஔவையார் முன்னாடி முருகன் வந்தப்போ கையில் வேல் இல்லை, பக்கத்தில் மயில் இல்லை. நாவல்மரத்து மேல உட்கார்ந்திருந்த மாடு மேய்க்கிற பையனாத்தான் வந்தார்.

"அவங்களுக்கு நான் எதுக்குச் செய்யணும்?"

சில நேரம் தடையா இருக்கிறது நேரம் இல்லை, பழைய கணக்கு. போன மாசம் தண்ணி மோட்டாருக்காகச் சண்டை போட்டவங்க. நம்ம வாசல்ல குப்பையைத் தள்ளினவங்க. அவங்க கேட்டா மட்டும் நாம ஓடணுமா?

கந்தபுராணத்துக்குப் போவோம். சூரபத்மன் கடைசிவரை எதிர்த்தவன். கடலுக்குள்ள மாமரமா நின்னப்போ வேல் அவனைப் பிளந்தது. ஒரு பாதி மயிலாச்சு, இன்னொரு பாதி சேவலாச்சு. முருகன் அவங்களைத் துரத்தி விடல. மயிலை வாகனமாக்கி, சேவலைக் கொடியில் வச்சுக்கிட்டார். எதிர்த்தவனையே இவ்வளவு பக்கத்துல வச்சுக்கிட்டவரைக் கும்பிடுற நமக்கு, மோட்டார் சண்டையை மறக்கிறது பெரிய விஷயமா?

இதுக்காக எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டே இருக்கணும்னு அர்த்தம் இல்லை. தினமும் வண்டி மறிச்சு நின்னா, நேர்ல போய்ப் பொறுமையா சொல்லுங்க. அப்பார்ட்மெண்ட் குரூப்ல நாலு பேர் முன்னாடி போட்டு அவமானப்படுத்த வேண்டாம். நேரா சொல்றதும் அன்புதான்.

மிச்சம் பிடிச்ச மூணு நிமிஷம்

அதே பாட்டில் அருணகிரிநாதர் ஒரு உவமை சொல்றார். வெயில்ல நிக்கிறவன் தன்னோட நிழல்லயே ஒதுங்கிக்க முடியாது. அதுபோல கையில் சேர்த்த பொருள் கடைசி வழிக்குத் துணை வராது. நாம மிச்சம் பிடிக்கிற நேரமும் அப்படித்தான். "அப்புறம் வர்றேன் பாட்டி"ன்னு சொல்லி மிச்சம் பிடிச்ச மூணு நிமிஷம் சாயங்காலம் எங்கே இருக்கு? சிக்னல்ல போயிருக்கும், இல்லைன்னா ரீல்ஸ்ல போயிருக்கும்.

ஆனா பாட்டிக்கு அந்த மூணு நிமிஷம் வேற. நீங்க போனதும் அவங்களே சிலிண்டரை இழுத்து இடுப்பைப் பிடிச்சுக்கலாம். தனியா இருக்கிறவங்களா இருந்தா, "சாப்பிட்டீங்களா பாட்டி?"ன்னு நீங்க கேட்கிறதுதான் அன்னைக்கு அவங்க காதுல விழுற முதல் வார்த்தையா இருக்கலாம்.

இந்த வாரம் செய்து பார்க்க

1. வீட்டை விட்டுக் கிளம்புற நேரத்தை ஐந்து நிமிஷம் முன்னாடி வச்சுக்குங்க. அந்த ஐந்து நிமிஷம் முருகனுக்கு. வழியில் யார் கேட்டாலும் கொடுத்துடுங்க.

2. பக்கத்து வீட்டில் ஒருத்தரோட பேராவது புதுசாத் தெரிஞ்சுக்குங்க.

3. எரிச்சல் வரும்போது, பதில் சொல்றதுக்கு முன்னாடி ஆறு தடவை "முருகா"ன்னு மனசுக்குள்ள சொல்லுங்க. ஆறுமுகன் கணக்கு! அதுக்குள்ள குரல் தானா இறங்கிடும்.

4. நிஜமாவே நேரம் இல்லைன்னா, நின்னு முகம் பார்த்து, "ஆறு மணிக்கு வந்து செஞ்சு தர்றேன்"னு சொல்லுங்க. சொன்ன மாதிரி ஆறு மணிக்குப் போங்க.

கோயிலுக்குப் பத்து நிமிஷம் தாமதமாப் போனா, தீபாராதனை ஒருவேளை முடிஞ்சிருக்கும். பரவாயில்லை. அந்தப் பத்து நிமிஷம் எங்கே போச்சுன்னு கந்தனுக்குத் தெரியும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!