இரு சக்கரமும் இருப்புப்பாதையும்

நுழையும்முன்

நெடுந்தொலைவைக் கடக்கத் தொடர்வண்டி துணைசெய்கிறது. குறுந்தொலைவைக் கடக்க மிதிவண்டி துணைசெய்கிறது. இவ்விரண்டும் ஒன்றாகப் பயணம் செய்ய இயலுமா? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் உழைப்போரின் நேரமும், பொது இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் அறமும், மாற்றுத்திறனாளிகளின் உரிமையும் அடங்கியுள்ளன. அவற்றை ஆராய்கிறது இவ்வுரைநடை.

விடியலில் ஒரு நிலையம்

திருவள்ளூர்த் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி அமைந்துள்ள பகுதி மணவாள நகர். திருப்பெரும்புதூர் செல்லும் சாலை இதன் வழியே போகிறது. பொழுது புலர்வதற்கு முன்பே சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து தொழிலாளர்கள் இங்கு வந்துசேரத் தொடங்குகின்றனர். சிலர் பேருந்தில் வருகின்றனர். சிலர் நடந்து வருகின்றனர். மிதிவண்டியில் வருவோரும் உண்டு. வண்டியை நிறுத்தகத்தில் பூட்டிவிட்டு, சாப்பாட்டுப் பையுடன் நடைமேடைக்கு விரைகின்றனர்.

அங்குதான் ஒரு பிரிவு நிகழ்கிறது. அதுவரை அவர்களைச் சுமந்து வந்த மிதிவண்டி, மாலை வரை ஓடாத வண்டியாக நின்றுவிடுகிறது. தொடர்வண்டி அவர்களை ஆவடிக்கோ அம்பத்தூருக்கோ கொண்டுசேர்க்கிறது. அந்நிலையத்திற்கும் தொழிற்சாலை வாயிலுக்கும் இடைப்பட்ட தொலைவை அவர்கள் மீண்டும் நடந்தோ, பங்கு ஆட்டோவில் நெருங்கி அமர்ந்தோ கடக்க வேண்டியுள்ளது.

ஒரே பாதையில் பிறந்தவை

தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு இராயபுரத்திற்கும் வாலாசா சாலைக்கும் இடையே திறக்கப்பட்டது. அப்பாதை திருவள்ளூர் வழியாகவே சென்றது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், அதே வழித்தடம் தொழில் வளர்ச்சியின் முதுகெலும்பாயிற்று. 1955ஆம் ஆண்டு பெரம்பூரில் தொடர்வண்டிப் பெட்டித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1949இல், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் நிறுவப்பட்டது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்னும் பெயர்களில் அங்கு உருவான மிதிவண்டிகள் நாடெங்கும் சென்றன.

தொடர்வண்டிப் பெட்டியும் மிதிவண்டியும் ஒரே வழித்தடத்தில் அண்டை வீட்டாரைப்போலப் பிறந்தவை. ஆயினும், அப்பாதையில் ஓடும் புறநகர்த் தொடர்வண்டியில் மிதிவண்டிக்கு இடமில்லை. இந்த முரணுக்கான காரணத்தை அறிய, முதலில் பயணத்தின் கணக்கை அறிதல் வேண்டும்.

கடைசி மூன்று கிலோமீட்டர்

ஒரு பயணத்தின் நீளத்தை நிலையத்திலிருந்து நிலையம் வரை அளப்பது வழக்கம். உழைப்பவருக்கோ அது வீட்டு வாசலில் தொடங்கி வேலையிடத்தின் வாயிலில் முடிகிறது. நிலையத்திலிருந்து தொழிற்சாலை 3 கி.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பவருக்கு 36 நிமிடங்கள் ஆகும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதிவண்டியில் செல்பவருக்கு 12 நிமிடங்களே போதும். ஒரு வழிக்கு 24 நிமிடங்கள் மிச்சமாகின்றன. இரு வழிக்கு 48 நிமிடங்கள். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் மொத்தம் 20 மணிநேரம்.

இருபது மணிநேரம் என்பது வெறும் எண்ணன்று. அது ஒரு தாய் தன் குழந்தையுடன் இருக்கும் நேரம்; இரவுப்பணி முடித்தவரின் உறக்கம்; மாலைக் கல்லூரியில் பயில்பவரின் வகுப்பு. இரவில் பணி முடிந்து வெறிச்சோடிய சாலையில் நடக்கும் பெண்ணுக்கு அது பாதுகாப்பும் ஆகும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் உள்ள கும்மிடிப்பூண்டியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டை பரந்து விரிந்தது. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டத்தில் இருந்தாலும், இரண்டும் வெவ்வேறு இருப்புப்பாதைகளில் அமைந்துள்ளன. ஒன்று அரக்கோணம் செல்லும் பாதை; மற்றொன்று கூடூர் செல்லும் பாதை. தொடர்வண்டியில் செல்வோர் சென்னை வரை வந்து வண்டி மாறியே செல்ல வேண்டும். இவ்வளவு நேரம் செலவிட்டவருக்கு, இறுதியில் எஞ்சும் சில கிலோமீட்டரே பெருஞ்சுமையாகி விடுகிறது.

விதியும் அதன் காரணமும்

இந்தியத் தொடர்வண்டிகளில் இரண்டாம் வகுப்புப் பயணி 35 கிலோ வரை உடைமைகளைக் கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். பெட்டியின் அளவு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்திற்குள் இருத்தல் வேண்டும். சாதாரண மிதிவண்டியின் எடை ஏறத்தாழ 20 கிலோ. நீளமோ ஏறத்தாழ 180 செ.மீ. எடையில் தேறும் மிதிவண்டி, அளவில் தோற்றுவிடுகிறது.

எனவே, தொலைதூரத் தொடர்வண்டிகளில் மிதிவண்டியைப் பயணிகள் பெட்டியில் ஏற்ற இயலாது. நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் முன்னதாகவே ஒப்படைத்து, உரிய கட்டணம் செலுத்தி, பெயரும் சேருமிடமும் எழுதிய அட்டையைக் கட்டி, சரக்குப் பெட்டியில் அனுப்ப வேண்டும். விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவருக்கு இம்முறை பொருந்தும். நாள்தோறும் வேலைக்குச் செல்பவருக்கு இது பயன்படாது. புறநகர் மின்தொடர்வண்டிகள் நிலையங்களில் நிற்பது சிறிது நேரமே. அதற்குள் சரக்கு ஏற்றி இறக்குதல் இயலாத செயல்.

விதியை மட்டும் குறைகூறுதல் முறையன்று. மிதிவண்டியின் நீளம் 1.8 மீட்டர், கைப்பிடியின் அகலம் 0.6 மீட்டர் எனக் கொண்டால், அது ஒரு சதுர மீட்டருக்கும் சற்று மிகுதியான இடத்தை அடைக்கும். காலை நெரிசலில் அந்த இடத்தில் நால்வர் நின்று பயணம் செய்வர். ஒருவரின் 24 நிமிடங்களுக்காக நால்வர் படிக்கட்டில் தொங்குவது நீதியாகாது. கால்மிதியும் கைப்பிடியும் நெரிசலில் பிறரைக் காயப்படுத்தவும் கூடும்.

சாய்வு மிதிவண்டி

சாதாரண மிதிவண்டிக்கே இந்நிலை என்றால், அதைவிட நீளமான மிதிவண்டியின் நிலை என்ன? சாய்வு நாற்காலியில் சாய்ந்த உடலுடன் கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் வண்டி ஒன்று உண்டு. அதனைச் சாய்வு மிதிவண்டி எனலாம். முதுகுக்கு முழுத் தாங்கல் இருப்பதால் மணிக்கட்டும் இடுப்பும் அழுத்தம் பெறுவதில்லை. முன்பக்கத்தில் காற்று மோதும் பரப்பு குறைவதால், அதே உழைப்பிற்குக் கூடுதல் வேகம் கிடைக்கிறது.

பிரான்சு நாட்டின் சார்ல்ஸ் மோஷே இத்தகைய வண்டியை உருவாக்கினார். 1933ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் பாரிசில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் அவ்வண்டியில் ஒரு மணிநேரத்தில் 45.055 கி.மீ. தொலைவைக் கடந்தார். 1914ஆம் ஆண்டு முதல் நிலைத்திருந்த 44.247 கி.மீ. என்னும் சாதனை முறியடிக்கப்பட்டது. ஆயினும், அடுத்த ஆண்டே பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் இவ்வகை வண்டியைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. மிதிவண்டி இப்படித்தான் இருக்க வேண்டும் என்னும் வரையறைக்குள் அது அடங்கவில்லை என்பதே காரணம்.

போட்டிக் களத்தில் நேர்ந்ததே தொடர்வண்டி வாயிலிலும் நேர்கிறது. சாய்வு மிதிவண்டிகளுள் பல 2 மீட்டரையும் தாண்டுபவை. மின்தூக்கியிலும் நடைமேம்பாலத் திருப்பத்திலும் அவற்றைத் திருப்புதல் கடினம். மிதிவண்டியை ஏற்கும் அயல்நாட்டுத் தொடர்வண்டிகளிலும் நிறுத்துமிடங்கள் பெரும்பாலும் சாதாரண வண்டியின் அளவை மனத்தில் கொண்டே அமைக்கப்படுகின்றன.

இது ஒரு சிலரின் விருப்பப் பொருள்தானே என ஒதுக்கிவிட முடியாது. முதுகு வலியால் நிமிர்ந்து அமர இயலாதோர், உடல் சமநிலை குறைந்தோர் ஆகியோருக்குச் சாய்வு இருக்கை ஒரு வரம். நம் ஊர்களில் மாற்றுத்திறனாளிகள் கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியும் இதன் உறவே. அதில் வருபவர் நிலையத்தில் வண்டியை விட்டுவிட்டுத் தொடர்வண்டியில் ஏறினால், இறங்குமிடத்தில் எவ்வாறு செல்வார்? மற்றவருக்கு வண்டி உடைமை. அவருக்கு அது கால். விதிகள் உடைமையை அளக்கலாம்; ஒருவருடைய காலை அளந்து மறுத்தல் தகாது.

உலகம் கண்ட வழிகள்

இச்சிக்கலை நாடுகள் பலவாறு அணுகியுள்ளன. நெதர்லாந்தில் தனிச்சீட்டுப் பெற்று மிதிவண்டியைத் தொடர்வண்டியில் ஏற்றலாம். ஆனால், வேலைநாள்களில் காலை 6.30 முதல் 9 மணி வரையும், மாலை 4 முதல் 6.30 மணி வரையும் அதற்கு இசைவில்லை. மடக்கிய மிதிவண்டிக்கு எந்நேரமும் கட்டணமின்றி இடமுண்டு. அந்நாட்டின் உட்ரெக்ட் நகர நிலையத்தில் 12,500 மிதிவண்டிகளை நிறுத்தும் நிறுத்தகம் 2019இல் முழுமை பெற்றது. டென்மார்க்கின் கோபன்கேகன் புறநகர்த் தொடர்வண்டிகளில் 2010 முதல் மிதிவண்டிக்குக் கட்டணமில்லை. சப்பானில் சக்கரங்களைக் கழற்றிப் பைக்குள் இட்டு எடுத்துச் செல்கின்றனர். நம் நாட்டில் கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில் சில நிலையங்களில் மிதிவண்டியுடன் ஏற இசைவளித்தது.

இவை அனைத்திலும் ஒரு பொது உண்மை உள்ளது. எந்த நாடும் மிதிவண்டியை எந்நேரமும், எவ்வளவு வேண்டுமானாலும் என ஏற்கவில்லை. முற்றிலும் விலக்கவும் இல்லை. நேரத்தையும் அளவையும் இடத்தையும் வகுத்துக்கொண்டு இரு தரப்புக்கும் இடம் தந்துள்ளன.

நமக்கேற்ற வழி

மணவாள நகரின் தேவையை உட்ரெக்ட்டின் அளவுகோலால் அளக்க இயலாது. இங்குள்ள நெரிசல் வேறு, வெயில் வேறு, வருவாய் வேறு. விலையுயர்ந்த மடக்கு மிதிவண்டியை எல்லாத் தொழிலாளரும் வாங்க இயலாது. ஆயினும், இயலக்கூடியவை பல உள்ளன. நிலையத்தின் இரு பக்கமும் கூரையும் விளக்கும் காவலும் உள்ள நிறுத்தகம் வேண்டும். இரவிலும் அது திறந்திருத்தல் வேண்டும். வேலையிடத்து நிலையத்தில் பழைய மிதிவண்டி ஒன்றை நிறுத்தி வைத்துக்கொள்பவருக்கு மாதக் கட்டணச் சலுகை தரலாம். தொழிற்சாலைகள் தம் பணியாளருக்கு நிலையத்தில் மிதிவண்டிகளை வைத்து உதவலாம். நெரிசலற்ற நண்பகல் வேளையில் ஒரு பெட்டியில் மிதிவண்டியை ஏற்கும் வழியையும் ஆராயலாம். மாற்றுத்திறனாளியின் வண்டிக்கு நேர வரம்பின்றி இடமளித்தல் இவை எல்லாவற்றினும் முதன்மையானது.

தொடர்வண்டி எவ்வளவு வேகமாகச் சென்றது என்பது பொறியியலின் கணக்கு. விடியலில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர் களைப்பின்றி வேலைக்குச் சென்று, வெளிச்சம் மறையும் முன் வீடு திரும்பினாரா என்பதே சமூகத்தின் கணக்கு. இரு கணக்குகளும் ஒத்துவரும் நாளில், நிலைய வாசலில் நிகழும் அந்தப் பிரிவு ஒரு சுமையாக இராது.

தெரியுமா?

தமிழ்நாட்டில் விலையில்லா மிதிவண்டித் திட்டம் முதலில் மேல்நிலை முதலாம் ஆண்டு பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கப்பட்டது. பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பயிலும் பிற மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

இலக்கணக் குறிப்பு

நெடுந்தொலைவு – பண்புத்தொகை
உழைப்போர் – வினையாலணையும் பெயர்
ஓடாத வண்டி – எதிர்மறைப் பெயரெச்சம்
சாய்ந்த உடல் – பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

கடந்தார் – கட + த்(ந்) + த் + ஆர்
கட – பகுதி. த் – சந்தி, 'ந்' ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. ஆர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரை நடந்தும் மிதிவண்டியிலும் சென்று, ஆகும் நேரத்தை அட்டவணைப்படுத்துக.
2. அருகிலுள்ள நிலையத்திலோ பேருந்து நிறுத்தத்திலோ மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைக் கண்டறிந்து, தேவையானவற்றைக் கோரி உரிய அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.

வினாக்கள்

குறுவினா
1. மிதிவண்டி 'எடையில் தேறி அளவில் தோற்கிறது' – விளக்குக.
2. சாய்வு மிதிவண்டியின் பயன்கள் இரண்டினைக் குறிப்பிடுக.

சிறுவினா
'மற்றவருக்கு வண்டி உடைமை. அவருக்கு அது கால்' – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா
நெரிசல் மிகுந்த தொடர்வண்டியில் மிதிவண்டிக்கு இடமளித்தல் முறையா? இரு தரப்புக் கருத்துகளையும் எடுத்துரைத்து, உமது முடிவை நிறுவுக.