களி இறங்காதபோது: நெஞ்சைத் திறப்பதா, தொடை இடுக்கு வழியே போவதா?

களி மெல்லுகிற உணவல்ல, விழுங்குகிற உணவு. அது நெஞ்சில் நிற்கத் தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உணவுக்குழாய்ப் புற்றுநோயை. அதுதான் அதிகம் காணப்படுவது. ஆனால் எண்டோஸ்கோப்பியில் உள்சுவர் வழுவழுப்பாகவே இருந்து, வெளியிலிருந்து ஏதோ துடித்துத் துடித்து அழுத்துவதுபோல் தெரிந்தால், பக்கத்தில் இறங்கும் பெருந்தமனி வீங்கியிருக்கலாம். அந்த இடத்தில் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு எடுப்பது ஆபத்து. சாயம் செலுத்தி எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம்தான் அடுத்த படி. மார்புக்குள் 5.5 சென்டிமீட்டரைத் தாண்டிய வீக்கத்துக்குச் சிகிச்சை பேசுவது வழக்கம். விழுங்குவதையே தடுக்கிற வீக்கமென்றால் அந்த அளவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இதன் பிறகுதான் தேர்வு. தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியே ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தால் நெஞ்சைத் திறக்க வேண்டாம், சில நாளில் வீடு திரும்பலாம். ஆகவே அதுவே மேல் என்பார்கள். பாதிதான் உண்மை. துணி உறையிட்ட அந்த உலோகக் குழாய்க்குள் ரத்தம் ஓடுவதால் வீக்கம் வெடிக்கும் அபாயம் குறைகிறது. ஆனால் வீங்கிய பகுதி, உறைந்த ரத்தம் நிறைந்த பையாக அங்கேயே கிடக்கிறது. உணவுக்குழாயை நெரித்ததில் அதன் பருமனுக்கும் பங்குண்டு. அது சுருங்க மாதக்கணக்காகும்; சிலருக்குச் சுருங்குவதே இல்லை. நெஞ்சைத் திறந்து, பையைப் பிளந்து, டேக்ரான் என்ற செயற்கைத் துணிக் குழாயைத் தைத்தால் அழுத்தம் அன்றே விலகும். அதனால் நல்ல நுரையீரலும் சிறுநீரகமும் உள்ளவருக்கு, குறிப்பாகப் பரம்பரைத் திசுக் கோளாறு உள்ள இளையவருக்கு, திறந்த அறுவையே பொருத்தம் என்பேன். கால்கள் செயலிழக்கும் அபாயம் இரு வழியிலும் உண்டு. அதை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது.

பீடிப் புகையில் நுரையீரல் கெட்டுப்போன எழுபது வயதுக்காரர் நெஞ்சைத் திறப்பதைத் தாங்குவாரா என்று கேட்கலாம். தாங்கமாட்டார். அவருக்கு ஸ்டென்ட்தான், விழுங்கல் சரியாகும்வரை கூழும் குழைந்த சோறும். ஆனால் ஸ்டென்ட் வைத்ததோடு வேலை முடியாது. பைக்குள் ரத்தம் கசிகிறதா என்று முதல் மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும் ஸ்கேன் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்து வெள்ளிமலைக்காரருக்கு ஒவ்வொரு முறையும் மலையிறங்கிச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போவது கூலி இழப்பு. இந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஸ்கேனைக் கள்ளக்குறிச்சியிலேயே எடுத்துப் படங்களை அனுப்பினால் போதுமா என்பதைச் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். எந்த வழியில் போனவராயினும், காய்ச்சலோடு கொஞ்சம் ரத்த வாந்தி வந்தால் மறுநாள் பேருந்துக்குக் காத்திருக்கக் கூடாது. தமனிக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை விழுந்திருக்கலாம். அடுத்த வாந்தி கொஞ்சமாக இராது. 108-ஐ அழையுங்கள்.