எத்தனை எச்.பி., மக்கா?

மக்கா,

இன்ஜின் கம்ப்யூட்டரில் நீ ரீமேப் செய்த டர்போ வண்டியின் டைனோ தாளைப் பார்த்தேன். கம்பெனி கொடுத்த 110 பி.எஸ். குதிரைத்திறன் உன் கையில் 150 ஆகியிருக்கிறது என்கிறது அது. கஸ்டமரிடம் அந்த எண்ணைச் சொல்லும் முன் இதைப் படித்துவிடு.

டைனோ உருளைக்குத் தெரிவது சக்கரத்துக்கு வந்து சேர்ந்த திறன் மட்டும். கியர்பாக்ஸும் டயரும் தின்றதை ஆபரேட்டர் ஒரு கணக்கு வைத்துச் சேர்க்கிறார். சக்கரத்தில் வந்த அதே 120, இழப்பு 12 சதவீதம் என்று வைத்தால் 136. 20 சதவீதம் என்றால் 150. அதன்மேல் வெப்பத் திருத்தம் வேறு. டர்போ வண்டி தன் பூஸ்டைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். டர்போ இல்லாத இன்ஜினுக்கான திருத்தத்தை அதற்குப் போட்டால் எண் வீங்கும். ரீமேப்புக்கு முன்னும் பின்னும், அதே டைனோவில், அதே கியரில், திருத்தம் போடாத சக்கரத் திறனை எடு. அந்த வித்தியாசம்தான் உன் வேலை. அடுத்தடுத்து மூன்று தடவை ஓட்டு. இன்டர்கூலர் சூடான பிறகு மூன்றாவதில் நிற்பதைத்தான் கஸ்டமர் தினமும் ஓட்டப்போகிறார்.

டைனோவையும் சோதிக்க வழி உண்டு. ஆளும் பெட்ரோலுமாக வண்டியை எடை மேடையில் ஏற்று. 1,250 கிலோ என்று வைப்போம். 80 கி.மீ. வேகத்திலிருந்து 120-க்கு 5 நொடியில் போனால், அந்த எடையைத் தள்ள மட்டும் சராசரி 105 பி.எஸ். வேண்டும். காற்றுக்கும் டயருக்கும் ஏறக்குறைய இன்னொரு 15. இரண்டையும் கூட்டி, டைனோ காட்டிய சக்கரத் திறனோடு ஒப்பிட்டுப் பார். நொடியை ஜி.பி.எஸ். கருவியில் எடு, ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பார்த்து எடுக்காதே. உண்மையில் 180 ஓடும்போது முள் 202 வரை காட்ட சர்வதேச விதியே இடம் கொடுக்கிறது. உச்ச வேகம் பற்றிய பேச்சையும் நம்பாதே: திறன் 10 சதவீதம் கூடினால் உச்ச வேகம் 3 சதவீதம்தான் ஏறும்.

நம்மூரில் இன்னொரு தொல்லை, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் காவல்கிணறு பக்கம் போகையில் பின்னால் தள்ளும். திரும்புகையில் முகத்தில் அறையும். 30 கி.மீ. காற்றில் 100-ல் ஓடினால், எதிர்க்காற்றின் தடை பின்காற்றில் இருப்பதைப்போல் சுமார் மூன்றரை மடங்கு. உலகத் தரைவேகச் சாதனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் இரு திசையிலும் ஓடிச் சராசரி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

2020 அக்டோபரில் அமெரிக்காவின் எஸ்.எஸ்.சி. டுவாட்டாரா காருக்கு அப்படியொரு சராசரி 508.73 கி.மீ. என்று அறிவித்தார்கள். வீடியோவில் சாலையோர அடையாளங்களை வண்டி எத்தனை நொடியில் கடக்கிறது என்று கணக்குப் போட்ட ரசிகர்கள் அதை உடைத்தார்கள். அவர்களிடம் இருந்த முக்கிய ஆயுதம் தூரமும் நொடியும். 2021 ஜனவரியில் மறுபடி ஓடியபோது கிடைத்தது 455.3. எனக்கு அந்த ரசிகர்கள்மேல் பெரிய மரியாதை.

இதையெல்லாம் ஹைவேயில் செய்து பார்க்காதே, மக்கா. ரோடு காலியாக இருக்கும் என்று பையன்கள் தேர்ந்தெடுக்கும் அதே விடியலில்தான் பூச்சந்தைக்கு வண்டிகள் வருகின்றன. சாக்கு மூட்டையோடு டூவீலரில் வருகிறவர்களும் உண்டு. உன் கணக்குக்கு அவர்கள் உயிர் விலை ஆகக்கூடாது. கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ நாள் கேட்டுப் பார். காற்று அடங்கிய காலையில், ஒரே நேர்ப்பாதையில், ரீமேப்புக்கு முன்னும் பின்னும் ஓட்டு. நாலைந்து கஸ்டமர்களைச் சேர்த்துக்கொண்டால் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.