படிப்பு வெளியூரில், ஓட்டு எந்த ஊரில்?



நம் ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் தேர்தல் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. 18 வயது நிறைந்தால் ஓட்டு உண்டு என்று படிக்கிறோம். முன்பு 21 வயது என்று இருந்தது. அரசியலமைப்பின் 61-வது திருத்தம் 1989 மார்ச் 28 முதல் அதை 18 ஆக்கியது. ஆனால் 18 வயதில் நம்மில் பலர் ஊரில் இருக்க மாட்டோம். மதுரை, திருச்சி, சென்னை என்று எங்காவது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருப்போம். அப்போது ஓட்டை எங்கே போடுவது? இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தல். எங்க அப்பத்தாவுக்கு 87 வயசு. எழுந்து நடக்க முடியாது. அதனால் தேர்தலுக்குச் சில நாள் முன்னாடியே அலுவலர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கட்டில் பக்கத்தில் மறைப்பு வைத்து, சீட்டைக் கொடுத்து, உறையில் போட்டு ஒட்டச் சொல்லி வாங்கிப் போனார்கள். அப்பத்தா முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

எங்க அக்கா கோயம்புத்தூரில் படிக்கிறாள். அவளுக்கு அதுதான் முதல் ஓட்டு. பெயர் நம் ஊர்ப் பட்டியலில் இருந்தது. மறுநாள் சனிக்கிழமை அவளுக்குச் செய்முறைத் தேர்வு. "அப்பத்தாவுக்கு வந்த மாதிரி எனக்கும் தபால்ல சீட்டு வரும்னு நெனச்சேன்" என்றாள். விசாரித்த பிறகுதான் தெரிந்தது, கல்லூரி மாணவர்களுக்குத் தபால் ஓட்டே கிடையாது. அவள் முதல் ஓட்டு அப்படியே போய்விட்டது.

அப்பத்தா போனை வாங்கி, "நான் கட்டில்ல கெடந்துக்கிட்டே போட்டுட்டேன். படிக்கிற புள்ள நீ விட்டுட்டியே ஆத்தா" என்று சொன்னாங்க. அக்கா பதில் பேசவே இல்லை.

நம் வகுப்பில் யாருக்கும் இந்த நிலைமை வரக் கூடாது. அதற்காக நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

தபால் ஓட்டு யாருக்கு உண்டு?

1. இராணுவத்திலும் துணை இராணுவப் படைகளிலும் இருப்பவர்களுக்கு. இவர்களுக்கு இப்போது சீட்டு மின்னணு முறையில் போகிறது. அச்செடுத்து, ஓட்டைப் பதிந்து தபாலில் அனுப்ப வேண்டும்.
2. தேர்தல் பணிக்குப் போகிறவர்களுக்கு. நம் ஆசிரியர்கள் பலரும் இதில் வருவார்கள்.
3. தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கு.
4. 85 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும். இவர்கள் படிவம் 12டி கொடுக்க வேண்டும். முன்பு 80 வயது என்று இருந்ததை 2024 மார்ச்சில் 85 ஆக்கினார்கள். இப்படி வீட்டில் ஓட்டுக் கேட்டு ஏற்கப்பட்டவர் பிறகு வாக்குச்சாவடிக்குப் போய்ப் போட முடியாது.
5. தேர்தல் ஆணையம் அறிவிக்கும் சில அத்தியாவசியப் பணிகளில் இருப்பவர்களுக்கு.

இந்த வரிசையில் மாணவர் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன்களும் இல்லை. நம் பக்கத்திலிருந்து சிங்கப்பூர், மலேசியா போனவர்கள் இந்தியக் குடிமக்களாகவே இருந்தால் படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டும். அமெரிக்காவில் வேறு மாநிலத்தில் படிக்கும் மாணவர் சொந்த ஊர் ஓட்டைத் தபாலில் அனுப்பலாம். நம் நாட்டில் அந்த வசதி வரவில்லை.

அப்படியானால் மாணவர் என்ன செய்வது?

தபாலில் போட முடியாது. ஆனால் எந்த ஊரில் போடுவது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். வழி இரண்டு.

முதல் வழி: பெற்றோர் வீட்டு முகவரியிலேயே பெயரை வைத்துக்கொள்வது.

இரண்டாம் வழி: தங்கிப் படிக்கும் விடுதி முகவரியில் பெயர் சேர்ப்பது. இதற்கு அந்தப் படிப்பு அங்கீகாரம் பெற்றதாகவும், குறைந்தது ஓராண்டுப் படிப்பாகவும் இருக்க வேண்டும். கல்லூரி முதல்வர் அல்லது பதிவாளரிடம் "இவர் இங்கே படிக்கிறார்" என்று சான்று வாங்கி விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் வெளியூர் மாணவர் விரும்பினால் காரைக்குடித் தொகுதி வாக்காளர் ஆகலாம். அதே மாதிரி நாமும் கோயம்புத்தூர் வாக்காளர் ஆகலாம்.

இரண்டு ஊரிலும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். அது சட்டப்படி கூடாது. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

தேர்தல் நாளன்று என் கால் எந்த ஊரில் நிற்கும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் போதும். ஊருக்கு வர முடியும் என்றால் ஊரிலேயே இருக்கட்டும். ஒரு இராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வர வேண்டும், பரீட்சையும் இருக்கும் என்றால் விடுதிக்கு மாற்றுவது மேல்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். ஊராட்சித் தேர்தலுக்கும் சட்டமன்ற வாக்காளர் பட்டியல்தான் அடிப்படை. பெயரை மாற்றிவிட்டால் நம் ஊர்த் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டும் போய்விடும். ஊரணி, குடிதண்ணீர், தெருவிளக்கு எல்லாம் அந்த ஓட்டில்தானே இருக்கிறது!

பதிவு செய்யும் முறை

* புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றவும் பிழை திருத்தவும் படிவம் 8.
* போட்டோ, வயதுச் சான்று, முகவரிச் சான்று வேண்டும்.
* இணையத்தில் கொடுக்கலாம். இல்லையென்றால் நம் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். பல ஊர்களில் அங்கன்வாடிப் பணியாளரே இந்த வேலையைப் பார்க்கிறார். சந்தேகம் கேட்க 1950 என்ற எண் உண்டு.
* முன்பு ஜனவரி 1 அன்று 18 நிறைந்திருந்தால்தான் சேர்ப்பார்கள். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு நாட்கள். 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.
* வேட்புமனுவின் கடைசி நாள் முடிந்தால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. அதனால் கடைசி நேரத்தில் ஓடக் கூடாது.
* அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். வெளியூரில் இருந்த அக்காவுக்காக அம்மா கையெழுத்துப் போட்டாங்க. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவர் அப்படிப் போடலாம் என்று விதி இருந்தது. வெளியூரில் படிப்பவர்கள் திருத்தம் நடக்கும் போதெல்லாம் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஓட்டுதானே என்று நினைக்கலாமா?

2009 நாடாளுமன்றத் தேர்தலில் நம் சிவகங்கைத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 3,354 ஓட்டுத்தான். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த இடத்தில் அவ்வளவுதான் வித்தியாசம்.

திருநெல்வேலிப் பக்கம் ராதாபுரத்தில் 2016 சட்டமன்றத் தேர்தலில் இன்பதுரை அவர்கள் அப்பாவு அவர்களை 49 ஓட்டில் வென்றதாக அறிவித்தார்கள். அங்கே 203 தபால் ஓட்டுகளைத் தள்ளிவிட்டார்கள். காரணம், அவற்றில் சான்றொப்பம் இட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அது செல்லாது என்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2019 அக்டோபரில் திரும்ப எண்ணச் சொன்னார்கள். எண்ணியும் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் அப்போது தடை போட்டது. ஒரு கையெழுத்துக்காக மூன்று வருடத்துக்கு மேல் வழக்கு நடந்தது என்றால், ஒரு ஓட்டின் மதிப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவாக

அக்கா யோசித்துப் பெயரை ஊரிலேயே வைத்துக்கொண்டாள். தேர்தல் தேதி வந்த அன்றே பஸ்ஸுக்குப் பதிவு செய்வேன் என்று அப்பத்தாவிடம் சத்தியம் செய்திருக்கிறாள். அவள் விடுதித் தோழியின் ஊர் ரொம்பத் தூரம். அவள் விடுதி முகவரிக்கே மாறிவிட்டாள். இரண்டுமே சரிதான். முடிவு செய்யாமல் இருப்பதுதான் தவறு.

நமக்கு இப்போது 14 வயது. இன்னும் மூன்று வருடத்தில் படிவம் 6 நம் கைக்கு வரும். உங்கள் வீட்டில் வெளியூரில் படிக்கும் அண்ணன், அக்கா இருந்தால், "ஒன் பேரு எந்த ஊருப் பட்டியல்ல இருக்கு?" என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

சொல்லுங்கள் பார்க்கலாம்

மே 10-ஆம் தேதி 18 வயது நிறையும் மாணவிக்கு எந்தத் தேதியின்படி பெயர் சேர்ப்பார்கள்?
(விடை: ஜூலை 1)



ஒன்பதாம் வகுப்பு மாணவி