மாநிலத் தலைமையும் நமது வாக்கும்

வாக்குரிமை பெற்ற குடிமக்கள் ஒவ்வொருவரும் தம் வாக்கு எங்கே சென்று சேர்கிறது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். நாம் இடும் வாக்கு மாநிலத் தலைவரை நேராகத் தேர்ந்தெடுக்கிறதா? இக்கேள்விக்கு விடை காண, படைவீரராக இருந்து, பின்னர்ச் சிறு கட்சியின் சார்பில் தேர்தல் களம் கண்ட இருவரின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

பஞ்சாப் தரும் பாடம்

முதலாமவர் இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தைச் சேர்ந்த கேப்டன் அமரிந்தர் சிங். 1963ஆம் ஆண்டில் இராணுவத்தில் சேர்ந்த இவர், 1965இன் தொடக்கத்தில் விலகினார். அவ்வாண்டே பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது மீண்டும் படைக்குத் திரும்பினார். பின்னர் அரசியலில் புகுந்து, 2002 முதல் 2007 வரையும், 2017 முதல் 2021 வரையும் காங்கிரஸ் கட்சியின் சார்பில் முதலமைச்சராக விளங்கினார்.

2021 செப்டம்பரில் பதவி விலகிய அவர், அவ்வாண்டு நவம்பரில் பஞ்சாப் லோக் காங்கிரஸ் என்னும் புதுக் கட்சியைத் தொடங்கி, பாரதீய ஜனதா கட்சியுடன் கூட்டுச் சேர்ந்து 2022 தேர்தலில் போட்டியிட்டார். அவருடைய கட்சிக்கு ஓர் இடமும் கிட்டவில்லை. பலமுறை வென்ற பாட்டியாலா நகரத் தொகுதியிலேயே அவர் ஏறத்தாழ 20 ஆயிரம் வாக்குகளில் தோற்றார். மொத்தம் 117 இடங்களில் 92 இடங்களை ஆம் ஆத்மி கட்சி கைப்பற்றியது. 2022 செப்டம்பரில் அவரது கட்சி பாரதீய ஜனதா கட்சியோடு இணைந்துவிட்டது.

பஞ்சாபில் முதலமைச்சரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டமன்றத்தில் குறைந்தது 59 உறுப்பினரின் ஆதரவு உள்ளவரே ஆட்சி அமைக்க இயலும். தனிமனிதரின் புகழும், படையில் ஆற்றிய சேவையும் எத்துணைச் சிறந்தனவாயினும், தொகுதிதோறும் ஆள்பலம் இல்லாத கட்சிக்கு அந்த எண்ணிக்கை எட்டாக் கனியே.

மின்னசோட்டாவின் மற்றொரு வழி

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு மாநில ஆளுநரை மக்களே நேராக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். வியட்நாம் போர்க் காலத்தில் கடற்படையில் பணியாற்றிய ஜெஸ்ஸி வெஞ்சுரா, பின்னர் மல்யுத்த வீரராகப் புகழ்பெற்று, புரூக்ளின் பார்க் நகரின் மேயராகவும் இருந்தார். 1998இல் சீர்திருத்தக் கட்சி என்னும் சிறு கட்சியின் வேட்பாளராக மின்னசோட்டா மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். இரு பெருங்கட்சிகளின் வேட்பாளர்கள் முறையே 34 விழுக்காடும் 28 விழுக்காடும் பெற, இவர் 37 விழுக்காடு பெற்று வென்றார். வாக்களிக்கும் நாளன்றே பதிந்துகொள்ளலாம் என்னும் அம்மாநிலச் சட்டம், புதிய வாக்காளர் பலர் அவருக்கு வாக்களிக்க வழிசெய்தது.

ஆயினும் அவர் பதவியேற்றபோது சட்டமன்றத்தில் அவர் கட்சிக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. ஒவ்வொரு சட்டத்திற்கும் எதிரணியினரின் இசைவை நாட வேண்டியிருந்தது. மறுபடியும் போட்டியிடாமல் 2003 ஜனவரியில் பதவியிலிருந்து நீங்கினார். பதவியை வெல்வது ஒன்று. ஆட்சியை நடத்துவது மற்றொன்று என்பதை இது காட்டுகிறது.

சிலாங்கூரில் எவ்வாறு?

நம் நாட்டில் பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகிய நான்கு மாநிலங்களின் ஆளுநர்களை மாட்சிமை தங்கிய மாமன்னர் நியமிக்கிறார். சிலாங்கூரில் சுல்தான் அரியணையில் வீற்றிருக்கிறார். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுள் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெற்றவராகத் தமக்குத் தோன்றும் ஒருவரைச் சுல்தான் மந்திரி பெசாராக நியமிக்கிறார். சிலாங்கூர்ச் சட்டமன்றத்தின் மொத்த இடங்கள் 56. பெரும்பான்மைக்கு 29 இடங்கள் வேண்டும். ரவாங் அவற்றுள் ஒன்று.

எனவே நம் வாக்கு ரவாங் தொகுதி உறுப்பினரையே தேர்ந்தெடுக்கிறது. அவரைக் கொண்டே மந்திரி பெசாருக்கான பெரும்பான்மை உருவாகிறது. ஒவ்வொருவர் நிரையிலும் சேர்ந்த பால் ஒன்றுகூடித்தான் அன்றைய உற்பத்தி கணக்காவது போல், 56 தொகுதிகளின் முடிவுகள் கூடியே ஆட்சி அமைகிறது. ஒரு நிரை வெட்டப்படாமல் விடப்பட்டால் அந்த அளவு குறையும்; ஒரு வாக்கு வீணானாலும் அவ்வாறே.

நாம் செய்ய வேண்டியவை

2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவு பெறுகின்றனர். ஆனால் முகவரி சரியாக இல்லாவிடில் வாக்கு வேறு தொகுதிக்குப் போய்விடும். ரவாங் சுற்றுவட்டாரத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறியுள்ளன. தோட்ட லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தவர்கள் அடையாள அட்டையில் முகவரியை மாற்றிக்கொள்வதோடு, தொகுதி மாற்றத்திற்குத் தேர்தல் ஆணையத்திடமும் விண்ணப்பித்தல் வேண்டும். வீட்டிலுள்ள முதியோருக்கும் இளைஞருக்கும் இதை எடுத்துரைப்பது நம் கடமையாகும்.

வேட்பாளரை எடைபோடும்போது, அவர் முன்னாள் படைவீரரா, புகழ்மிக்கவரா என்பதோடு நில்லாது, மேலும் மூன்றைக் கேட்டறிவோமாக: அவருடைய கட்சி எத்தனை தொகுதிகளில் நிற்கிறது? சட்டமன்றத்தில் யாருடன் சேர்ந்து செயலாற்றும்? நம் வீட்டுரிமைக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் என்ன திட்டம் வைத்திருக்கிறது?

சிறு கட்சியைத் தேர்வதா, பெருங்கட்சியைத் தேர்வதா என்பது அவரவர் உரிமை. அவ்வுரிமையை அறிந்து பயன்படுத்துவதே சிறப்பு.