வெயிலும் இருதயமும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடற்கரையில் வெயிலுக்குக் குறைவில்லை. எனினும் காற்றும் ஒளியும் புகாத நெருக்கமான வீடுகளில் வளரும் குழந்தைக்கு அவ்வெயில் எட்டுவதில்லை. இதனால் எலும்பு மெலியும் என்பதைப் பலரும் அறிவர். இருதயமும் மெலியும் என்பதை அறிந்தோர் சிலரே.

லண்டன் நகரில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர், தவளையின் இருதயத்தை உப்புநீரில் துடிக்கச் செய்து ஆராய்ந்தார். அந்நீர் குழாய் நீரால் ஆக்கப்பட்டிருந்தது. வாலைநீரால் ஆக்கியபொழுதோ துடிப்புக் குன்றி நின்றது. குழாய் நீரிலிருந்த கால்ஷியம் என்னும் சுண்ணச்சத்தே இருதயத்தை இயக்கிற்று என்பதை அவர் 1883இல் வெளியிட்டார்.

ஒவ்வொரு துடிப்பிலும் கால்ஷியம் தசையணுவினுட் புகுந்து அதனைச் சுருங்கச் செய்கின்றது. இரத்தத்தில் அதன் அளவு குறையுமாயின், கழுத்திலுள்ள நான்கு பாராதைராய்டுச் சுரப்பிகள் தம் ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து அதனை வருவிக்கும். உணவிலிருந்து அதனைக் குடல் ஏற்பதற்கு வைட்டமின் டி வேண்டும். வெயில் பட்ட தோலில் உண்டாகும் இதுவும், உடலில் மாற்றமடைந்து ஹார்மோனாகவே தொழில் புரிகின்றது.

2000 முதல் 2006 வரை இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருதயம் தளர்ந்த 16 கைக்குழந்தைகளிடம் இக்குறை காணப்பட்டது. அனைவரும் இந்தியத் துணைக்கண்டத்தையோ கறுப்பினத்தையோ சார்ந்த குடும்பத்தினர். மூவர் இறந்தனர். இச்செய்தி 2008இல் ‘ஹார்ட்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஈண்டு மருத்துவர் மயங்குவதற்கு இடமுண்டு. நோய்க்கிருமிகளால் இருதயத் தசையில் அழற்சி தோன்றும்பொழுதும் இருதயம் இவ்வாறே விரிந்து, மூச்சுத் திணறல் உண்டாகும். குழந்தை இரண்டிலும் ஒரே தன்மையாகப் பால் குடிக்க மாட்டாது இளைக்கும். வேற்றுமையை அறிய இரத்தத்தில் கால்ஷியத்தை அளந்து பார்த்தல் இன்றியமையாதது. குறையே காரணமாயின், கால்ஷியமும் வைட்டமின் டியும் முறைப்படி தர, விரிந்த இருதயம் சில மாதங்களில் பெரும்பாலும் பழைய நிலையை அடையும். இருதயத் தசை நோய்கள் பலவற்றுள் இத்துணை எளிதில் நீங்குவன மிகச் சிலவே.

வருமுன் காத்தல் இதனினும் எளிது. பிறந்த குழந்தைக்கு முதலாண்டு முழுதும் நாடோறும் 400 அலகு வைட்டமின் டி சொட்டு மருந்து தருமாறு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் கூறுகின்றது. கருவுற்ற தாய்க்கு இக்குறை இருப்பின் குழந்தையும் அக்குறையுடனேயே பிறக்கும். ஆதலின் தாயின் நலத்தையும் பேணல் வேண்டும். இதனைக் கற்ற மாணவர் தத்தம் தெருவிலுள்ள தாய்மார்க்கு எடுத்துரைப்பாராயின், அக்கல்வி பயனுடையதாகும்.