லினக்ஸ் இயங்கு வட்டும் அதனை ஆக்கும் முறையும்

கணினி இயங்குதற்கு அதன் வன்தட்டிலே இயங்குதளம் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும் என்பதே பலர் கருத்து. ஆயின், வன்தட்டைத் தீண்டாமலே, ஓர் இறுவட்டினின்று முழு இயங்குதளத்தையும் எழுப்புதல் கூடும். ‘லைவ் சீடி’ என வழங்கும் அதனை ஈண்டு இயங்கு வட்டு எனக் குறிப்போம். நமக்கு வேண்டியவற்றை மட்டும் தொகுத்து அத்தகைய வட்டொன்றை ஆக்குமாறு யாதென ஆராய்வோம்.

1991 ஆம் ஆண்டிலே பின்லாந்தின் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். மறு ஆண்டில் அது குனூ பொது உரிமத்தின் கீழ் வந்தது. எவரும் அதனை மாற்றலாம். மாற்றியதைப் பிறர்க்கும் வழங்கலாம். இவ்வுரிமை இன்றேல் நம் முயற்சிக்கு இடமில்லை. 1993 இல் டெபியன் தொகுப்புத் தோன்றிற்று. அதனை அடியாகக் கொண்டு 2000 ஆம் ஆண்டில் ஜேர்மனியரான கிளவுஸ் க்னொப்பர் வெளியிட்ட க்னொப்பிக்ஸ், இயங்கு வட்டின் பயனை உலகறியச் செய்தது.

இனி, அது இயங்குமாற்றை நோக்குவோம். கணினி முதலில் வட்டிலுள்ள தொடக்கியைப் படிக்கும். தொடக்கி லினக்ஸ் கருவை நினைவகத்தில் ஏற்றும். ஏனைய கோப்புகள் யாவும் ‘ஸ்குவாஷ்எப்எஸ்’ என்னும் முறையால் சுருக்கப்பட்டு, படிக்க மட்டும் இயல்வனவாய் வட்டிலே இருக்கும். அச்சிட்ட ஏட்டின்மேற் கண்ணாடித் தகடு வைத்து எழுதுவார்போல, நாம் செய்யும் மாற்றங்கள் யாவும் நினைவகத்தில் அமைந்த மேலடுக்கிலே பதியும். மின்சாரம் நின்றதும் கண்ணாடி துடைக்கப்படும். ஏடு பழுதின்றி நிற்கும்.

டெபியன் நிறுவிய கணினியொன்றில் ‘லைவ்-பில்ட்’ என்னும் கருவியை நிறுவுக. வெற்று அடைவொன்றில் ‘எல்பி கொன்பிக்’ என்ற கட்டளையை இடின், அமைப்புக்குரிய அடைவுகள் தோன்றும். அவற்றுள் பொதிப்பட்டியலுக்கான அடைவிலே, வேண்டிய மென்பொருட் பொதிகளின் பெயர்களை வரிக்கொன்றாக எழுதுக. பழைய கணினிகளுக்கு எக்ஸ்எப்சிஈ போன்ற இலகுவான மேசைத்தளம் ஏற்றது. நம்முடைய சொந்தக் கோப்புகளை அவற்றிற்கென உள்ள அடைவில் இடுக. பின்னர், நிருவாகி உரிமையோடு ‘எல்பி பில்ட்’ என்க. பொதிகள் இணையத்தினின்று வந்து சேர்ந்து, ஈற்றில் ஒரே வட்டுப் படிமமாகும். சாதாரண இறுவட்டு 700 மெகாபைற்றே கொள்ளும், டிவிடி 4.7 ஜிகாபைற் கொள்ளும். ஆதலின் எதனைச் சேர்ப்பது என்பதினும் எதனை விடுப்பது என்பதே பெரிய வினா.

எம் பிழைகளையும் கூறுதல் தகும். முதல் வட்டிலே தமிழ் எழுத்துருவைச் சேர்க்க மறந்தோம். திரையிலே எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்களே தோன்றின. இரண்டாம் வட்டிலே லோகித் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தோம். அதில் மாணாக்கன் ஒருவன் மாலைமுழுதும் கட்டுரை எழுதி, கணினியை அணைத்துச் சென்றான். மறுநாட் கட்டுரை இல்லை. குற்றம் அவனுடையதன்று; எழுதியதை எங்கே வைத்தல் வேண்டும் என்பதனைத் திரையிலே அறிவியாத எம்முடையதே. மூன்றாம் வட்டில் அவ்வறிவித்தலை இட்டோம். யூஎஸ்பி நினைவுக்கோலில் அதே படிமத்தை எழுதி, ‘பெர்சிஸ்டன்ஸ்’ எனப் பெயரிட்ட தனிப்பிரிவொன்றையும் உரியவாறு அமைப்பின், எழுதியவை நிலைக்கும் என்பதனையும் அறிந்தோம்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. கடவுச்சொல், கடிதம் முதலிய அந்தரங்கக் கோப்புகள் படிமத்திற் புகுந்துவிட்டால், வட்டைப் பெறுவோர் யாவரும் அவற்றைப் படிக்கலாம். வழங்கிய வட்டை மீளப் பெறுதல் அரிது. ஆதலின், வட்டில் எழுதுமுன் படிமத்தை மெய்நிகர் கணினியில் இயக்கிச் சோதித்தல் இன்றியமையாதது.

புதிய கணினிகள் பலவற்றில் இன்று வட்டுச் செலுத்தியே இல்லை. நினைவுக்கோலே அதனிடத்தைப் பெற்றுள்ளது. கருவி மாறினும் முறை மாறவில்லை. பயன்படுத்தப் போகிறவன் யார், அவனுக்கு வேண்டுவது யாது என முதலில் எண்ணுக. பின்னரே பட்டியலை எழுதுக.